வராத நாள்களைக் கவனிப்போம்

2025 பிப்ரவரியில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பல நாள் பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியர் விசாரித்தபோதுதான், அவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கருவுற்றது தெரியவந்தது. கைதான மூவரும் ஆசிரியர்கள். நமக்குத் தலைகுனிவு, ஆனால் வராத பிள்ளையைத் தேடிச் சென்றவரும் ஓர் ஆசிரியரே.

சூளகிரி பகுதியில் பெற்றோர் பலர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகின்றனர். பிள்ளையின் மாற்றம் முதலில் நம் கண்ணில்தான் படும்.

மாதவிடாய் தள்ளிப்போதல், குமட்டல், சோர்வு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மார்பில் வலி ஆகியவை கருவுற்றதன் தொடக்க அறிகுறிகள். இரத்தசோகையாலும் சோர்வு வரும். வளரிளம் பருவத்தில் மாதவிடாய் தவறுவதும் இயல்பே. ஆகவே நாமாக முடிவுகட்டக் கூடாது. பரிசோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. மாணவி நம்பும் ஆசிரியை தனியே பேச வேண்டும். “உடம்புக்கு என்னம்மா செய்யுது?” என்று கேட்டால் போதும், குறுக்கு விசாரணை வேண்டாம்.

2. ஐயம் வலுத்தால் 1098 எண்ணுக்கோ காவல்துறைக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் சம்மதித்தார், திருமணமாகிவிட்டது என்பவை விலக்கல்ல. மறைத்தால் போக்சோ சட்டப்படி நமக்கும் தண்டனை உண்டு.

3. வீட்டாரே காரணமாக இருக்கலாம். அவர்களை அழைக்குமுன் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் கலந்து பேசுங்கள்.

4. பெயர் ஆசிரியர் அறையில்கூடப் பேசப்படக் கூடாது.

5. நாள் கடத்தாதீர்கள். சிறுமியருக்குச் சட்டப்படியான கருக்கலைப்பு 24 வாரம் வரையே பொதுவாக இயலும்.

மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது தீர்வாகாது. அவர் மீண்டும் வந்து அமர, வகுப்பில் அவரது இடம் காத்திருக்கட்டும்.