கார் விளம்பரத்தில் மெய்யான சலுகை எது? வாங்கப் போகும் வணிகர்களுக்கு ஒரு பாடம்

ஆடி மாதம் பிறந்தால் நம் கடை வாசலிலும் தள்ளுபடிப் பலகை தொங்குகிறது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு குறைக்கலாம், ஏன் குறைக்கிறோம் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். தேங்கிப்போன சரக்கு, கம்பெனி வைத்த விற்பனை இலக்கு, கடைக்குக் கூட்டம் சேர்க்க வேண்டிய அவசியம் என்று ஏதாவது ஒரு காரணம் இல்லாமல் எந்த வியாபாரியும் தன் லாபத்தை விட்டுக்கொடுப்பதில்லை. கார் விற்கும் டீலரும் நம்மைப் போன்ற ஒரு வியாபாரிதான். அப்படியிருந்தும் நாளிதழில் முழுப்பக்க விளம்பரத்தைக் கண்டதும் நம்மில் பலர் இந்தப் பாலபாடத்தை மறந்துவிடுகிறோம்.

கடைக்கென்றோ குடும்பத்துக்கென்றோ நாம் கார் வாங்கும்போது, பெரும்பாலும் அந்தப் பணம் கடையில் சுழலும் முதலிலிருந்துதான் வெளியே போகிறது. அதில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் வீணாவது ஒரு சிறிய கடையின் ஒரு மாத லாபத்தை இழப்பதற்குச் சமம். ஆகவே கார் விளம்பரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

‘வரை’ என்னும் சிறு சொல்

‘ரூ.75,000 வரை சலுகை’ என்ற விளம்பரத்தில் நாம் கவனிக்க வேண்டிய சொல் ‘வரை’ என்பதே. இந்தத் தொகை பெரும்பாலும் பல துண்டுகளின் கூட்டுத்தொகை. உதாரணமாக, ரொக்கத் தள்ளுபடி 20,000, பழைய வண்டி மாற்றினால் 30,000, குறிப்பிட்ட நிறுவனங்களின் ஊழியருக்கு 10,000, இலவச உதிரிப் பொருள்கள் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மாற்றுவதற்குப் பழைய வண்டி இல்லாத, யாரிடமும் வேலை பார்க்காத ஒரு கடைக்காரருக்கு இதில் கையில் கிடைப்பது 20,000 ரூபாயும் சில பொருள்களும் மட்டுமே.

விளம்பரத்தில் காணும் விலை எக்ஸ்-ஷோரூம் விலையா, ஆன்-ரோடு விலையா என்பதையும் பார்க்க வேண்டும். முன்னதில் ஜி.எஸ்.டி. அடங்கும், ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகியவை அடங்கா. கொட்டை எழுத்தில் இருக்கும் விலை, அந்த மாடலின் மிகக் குறைந்த ரகத்துக்கு உரியதாக இருப்பதும் வழக்கம்.

இரண்டு டீலர், ஒரே கார்: ஒரு கணக்கு

எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.8,00,000 உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதாவது ரூ.1,04,000. இது எந்த டீலரிடம் வாங்கினாலும் ஒன்றே என்று கொள்வோம்.

முதல் டீலர் மேலே கண்ட ‘75,000 வரை’ விளம்பரக்காரர். ரொக்கத் தள்ளுபடி போக 7,80,000. ஆயுள் வரி 1,04,000. அவர் சொல்லும் இன்சூரன்ஸ் 42,000. ‘கையாளும் கட்டணம்’ 6,000. மொத்தம் ரூ.9,32,000. அவர் கொடுக்கும் இலவசப் பொருள்களைக் கடைவீதியில் விசாரித்தால் 8,000 பெறும் என்று வைத்துக்கொண்டு அதைக் கழித்தாலும் ரூ.9,24,000.

இரண்டாம் டீலரின் விளம்பரம் ஒரு மூலையில் சிறியதாக இருக்கிறது. ‘ரொக்கத் தள்ளுபடி ரூ.35,000’ என்று மட்டும் சொல்கிறது. 7,65,000, ஆயுள் வரி 1,04,000, இன்சூரன்ஸ் 34,000, வேறு கட்டணம் இல்லை. மொத்தம் ரூ.9,03,000.

சிறிய விளம்பரத்தில்தான் 21,000 ரூபாய் மிச்சம். ‘கையாளும் கட்டணம்’ என்பதற்கு ஆயுள் வரியைப் போல அரசு ரசீது கிடையாது. அதை நீக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. இன்சூரன்ஸையும் டீலரிடமே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டுவிட்டுப் போனால், பேச்சு தானாகவே இறங்கி வரும்.

பத்து லட்சம் என்னும் கோடு

‘இன்னும் 20,000 மட்டும் கொடுங்கள், உயர் ரகம் உங்களுக்கு’ என்று சொல்லும் விளம்பரங்களும் உண்டு. மேற்படி திருத்தத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். ரூ.9,90,000 விலையுள்ள காருக்கு 13 சதவீதப்படி வரி 1,28,700. ரூ.10,10,000 விலையுள்ள காருக்கு 18 சதவீதப்படி 1,81,800. ஆக, 20,000 என்று சொன்னது உண்மையில் 73,100 ஆகிவிடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். தொகையும் கட்ட வேண்டும். இதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை கைப்பணம் முடங்கும்.

பழைய வண்டிக்கு ‘போனஸ்’

பழைய வண்டியைக் கொடுத்தால் 30,000 போனஸ் என்றால், அந்தப் பழைய வண்டிக்கு என்ன விலை போடுகிறார்கள் என்பதே கேள்வி. வெளியில் 1,50,000 போகும் வண்டிக்கு 1,25,000 மதிப்புப் போட்டு, அதன்மேல் 30,000 கொடுத்தால் நமக்கு மெய்யான லாபம் 5,000 தான். பழைய வண்டி வாங்குவோர் இருவரிடமாவது விலை கேட்டு, அதன் பிறகே ஷோரூமில் பேச வேண்டும். புது வண்டியின் விலையைப் பேசி முடிக்கும்வரை பழைய வண்டியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

‘7 சதவீத வட்டி’யின் உள்விவரம்

தவணை விளம்பரத்தில் வட்டி ‘பிளாட்’ முறையா, குறையும் இருப்பின் மீதா என்று கேட்க வேண்டும். 5 லட்சம் கடன், 5 ஆண்டு, பிளாட் 7 சதவீதம் என்றால் மொத்த வட்டி 1,75,000. மாதத் தவணை 11,250. இதே தவணையைக் குறையும் இருப்பு முறையில் கணக்கிட்டால் வட்டி ஏறத்தாழ 12.5 சதவீதம் ஆகிறது. முதலை மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தும், கடைசி மாதம் வரை முழு 5 லட்சத்துக்கும் வட்டி போடுவதால் வரும் வித்தியாசம் இது. வட்டிக் கணக்கில் தேர்ந்த நம்மவர்களும் ஷோரூமில் ஏமாறுவது இங்கேதான்.

‘குறைந்த வட்டி அல்லது ரொக்கத் தள்ளுபடி, இரண்டில் ஒன்று’ என்று சொன்னால், நாம் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடியும் வட்டியின் ஒரு பகுதியே. அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மெய்யான சலுகை எங்கே கிடைக்கும்?

விலை குறைப்புக்குக் காரணம் இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னோம். டீலரிடம் அந்தக் காரணம் இருக்கும் சமயங்கள் சில உண்டு.

முதலாவது, ஆண்டு முடிவு. டிசம்பரில் தயாரான கார் ஜனவரியில் விற்றாலும், ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டு முந்தைய ஆண்டாகவே பதியும். அதனால் டீலர் அதைத் தள்ளிவிடவே விரும்புவார். மார்கழியில் புது வண்டி எடுக்கத் தயங்குவோர் நம்மிடையே பலர் என்பதால் கூட்டமும் குறைவு. ஆயுத பூஜை, தீபாவளிச் சமயத்தில் வாங்குவோர் தாமாகவே வரிசையில் நிற்கும்போது பேரத்துக்கு இடம் ஏது? ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மூன்று ஆண்டில் விற்றுவிடப் போகிறவருக்கு, தயாரிப்பு ஆண்டு ஒன்று கூடுதலாக இருப்பதால் மறுவிற்பனையில் நஷ்டம் உண்டு. பத்து ஆண்டு ஓட்டப் போகிறவருக்கு அது பெரிதல்ல.

இரண்டாவது, புது வடிவம் வரப்போகும் மாடல். மூன்றாவது, விற்பனை இலக்கை எட்ட வேண்டிய மாதக் கடைசி. நான்காவது, யாரோ பதிவு செய்து ரத்து செய்த, விரும்பப்படாத நிறத்து வண்டி. ஐந்தாவது, ஓட்டிக் காட்டப் பயன்படுத்திய வண்டி. இது டீலர் பெயரில் முன்பே பதிவானதா, உத்தரவாதக் காலம் எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்.

நாள்பட்ட இருப்பா என்று அறிய டயரைப் பார்க்கலாம். அதில் கடைசியாக உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம். காரின் தயாரிப்பு மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான படிவம் 21-ல் இருக்கும். பணம் முழுவதும் கட்டுமுன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வரியும் பில்லும்

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; அதன்மேல் இருந்த செஸ் வரியும் நீங்கியது. இந்தக் குறைப்பு அரசு கொடுத்தது. பழைய விலையை அடித்துப் போட்டுப் புதிய விலையைக் காட்டி, அதையே டீலரின் சலுகையாகச் சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதைய விலைப் பட்டியலிலிருந்து எவ்வளவு குறைவு என்பதே கணக்கு.

தள்ளுபடி பில்லிலேயே காட்டப்பட வேண்டும். விற்கும்போதே பில்லில் குறைத்த தொகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது நாம் தினமும் கையாளும் விதிதான். சொந்தப் பயணத்துக்கான காருக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க நமக்கு வழியில்லை. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். ‘ஜி.எஸ்.டி. பில் தருகிறோம், வரி திரும்பி வரும்’ என்று விற்பனையாளர் சொன்னால், முதலில் நம் ஆடிட்டரைக் கேட்டுவிட வேண்டும்.

சட்டம் எதுவரை துணை?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2022 ஜூனில் விளம்பரங்களுக்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. குறைந்த விலை காட்டி ஆளை இழுத்துவிட்டு, அந்த விலையில் தர வழியில்லாத தூண்டில் விளம்பரங்களுக்கு அதில் கட்டுப்பாடு உண்டு. இருப்பு குறைவென்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடியில் போடும் நிபந்தனை, மேலே கொடுத்த வாக்குக்கு முரணாக இருக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் நமக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. கடையின் பெயரில் வாங்கினால் இந்த வாதம் எழலாம். ஆகவே வழக்கை நம்புவதைவிட எழுத்தை நம்புவதே மேல்.

முன்பணம் கொடுக்குமுன்

1. ரகம், நிறம், தயாரிப்பு மாதம், ஆண்டு ஆகியவை குறித்த கொட்டேஷனை, மொத்த ஆன்-ரோடு விலையுடன் இரண்டு டீலர்களிடமாவது எழுத்தில் வாங்குவோம்.
2. நமக்குப் பொருந்தாத சலுகைகளை அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கூட்டுவோம்.
3. இன்சூரன்ஸ், கடன், பழைய வண்டி மூன்றுக்கும் வெளியே தனித்தனியாக விலை கேட்போம்.
4. பதிவை ரத்து செய்தால் முன்பணம் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதில் எழுதச் சொல்வோம்.
5. விளம்பரம் வந்த பக்கத்தைத் தேதியுடன் வெட்டிப் பத்திரப்படுத்துவோம்.

இத்தனையும் செய்த பிறகு, ‘இந்த விலைக்கு ஏன் தருகிறீர்கள்?’ என்று டீலரிடமே கேட்கலாம். நேர்மையான வியாபாரி காரணத்தைச் சொல்லிவிடுவார். காரணம் புரிந்தால் வாங்கலாம். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

மேற்சொன்ன விளம்பர நெறிகள் கார் டீலருக்கு மட்டும் அல்ல, நம் ஆடித் தள்ளுபடி நோட்டீஸுக்கும் பொருந்தும். ‘50 சதவீதம் வரை’ என்று நாம் அச்சடிக்குமுன், அந்த விலையில் எத்தனை உருப்படி நம் கடையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புவோம்.