ஒலியைச் சமன் செய்தல்

திரைப்படத்தை இல்லத்திலிருந்தே கண்டு களிப்பார் இந்நாளில் பலர். அவருட் சிலர், தொலைக்காட்சிப் பெட்டியின் சிற்றொலி போதாதென்று, ஐந்து ஒலிபெருக்கிகளையும், தாழ்ந்த ஒலிக்கெனத் தனியே மற்றொன்றையும் வாங்கி அறையில் அமைக்கின்றனர். இவ்வமைப்பினை ‘ஹோம் தியேட்டர்’ என வழங்குவர். பொருளை மிகுதியாகச் செலவிட்ட பின்னரும், ‘வெடியோசை வீட்டை அதிர்க்கின்றது, பேச்சோ விளங்கவில்லை’ என்று அவர்கள் கூறக் கேட்கின்றோம். குறை பெரும்பாலும் கருவியினதன்று. ஒலியளவைச் சமன் செய்யாமையே அதற்குக் காரணம்.

ஐந்தனுள் ஒன்று திரைக்கு நடுவே அமைவது; இரண்டு அதன் இடமும் வலமும் அமைவன; எஞ்சிய இரண்டும் கேட்போருக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னோ அமைவன. ஆறாவது, இடி, முழவு முதலியவற்றின் தாழ்ந்த அதிர்வுகளை ஒலிப்பது. அதனைச் ‘சப்வூபர்’ என்பர். மாந்தர் பேச்சிற் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியின் வழியே வருவதாதலின், அது மெலிந்தால் கதையே விளங்காது போகும்.

இங்கு நம் இலக்கண அறிவும் சிறிது துணை செய்யும். மாணவர்களே, கனி, பனி, தனி என்னும் மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே; முதற்கண் நிற்கும் வல்லின மெய்யே பொருளை வேறாக்குகின்றது. உயிரொலி ஆற்றல் மிக்கது. நெடிது நின்று ஒலிப்பது. வல்லின மெய்யோ கணப்பொழுதில் தோன்றி மறைவது. பெயர்தான் வல்லினம், செவியில் விழும் ஆற்றலில் அது மெலியதே! மெய்களை வேறுபடுத்திக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. முதுமையில் செவி முதற்கண் இழப்பதும் அவற்றையே. அதனாலன்றோ பாட்டியார், ‘ஓசை கேட்கிறது, சொல் பிடிபடவில்லை’ என்கின்றார்! அவர்பொருட்டு முழு ஒலியையும் கூட்டிப் பயனில்லை. வெடியும் முழவும் உடன் உயரும். பேச்சு முன்போலவே அவற்றுள் அமிழ்ந்து கிடக்கும். செவிக்கும் கேடு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேற் கேட்டலாகாது என்றும், 3 டெசிபல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாதல் வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் தொழிலாளர்க்கு வரையறுத்துள்ளது.

இனிச் சமன் செய்யும் முறை. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காயின் ஒலி 6 டெசிபல் குறையும். அறையிற் சுவர்கள் ஒலியைத் திருப்பியனுப்புவதால் குறைவு இத்துணை இராது. ஆயினும், தோளருகே உள்ள ஒலிபெருக்கி திரையருகே உள்ளதை விஞ்சுதல் இயல்பு. ஒலிபெருக்கிகளை இயக்கும் கருவியில் சோதனையொலி ஒன்று உண்டு. அருவியின் இரைச்சலை ஒத்த அவ்வொலி, ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் முறையே எழும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நாம் வழக்கமாக அமரும் இடத்தில், செவியின் உயரத்தில் ஒலியளவியை வைத்து, ஒவ்வொன்றும் 75 டெசிபல் காட்டுமாறு கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஒலியளவி இல்லாதார் கைப்பேசியைக் கொள்ளலாம். அது காட்டும் எண் முற்றும் சரியாயிராதெனினும், அவ்வைந்தையும் தம்முள் ஒப்பிடுதற்குப் போதும்.

சப்வூபர் அத்துணை எளிதில் அடங்குவதன்று. மூலையில் வைப்பின் இரு சுவரும் தரையும் சேர்ந்து அதன் ஒலியைப் பெருக்கும். ஓர் இருக்கையில் முழங்குவது அடுத்த இருக்கையில் மெலியும். இடத்தைச் சிறிது மாற்றிப் பார்த்தலே வழி. மேலும், ஒலி சிறுத்தபொழுது நம் செவி தாழ்ந்த அதிர்வுகளைக் குறைவாகவே உணரும். இதனைப் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933-ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டனர். ஆதலின், மெல்ல வைத்துக் கேட்போர் சப்வூபரைச் சிறிது கூட்டிக்கொள்வதுண்டு. இரவில் அதுவும் ஆகாது. தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவி அண்டை வீட்டாரை எழுப்பிவிடும்.

எல்லாம் சமனான பின்பும் பேச்சு மெலிந்து தோன்றின், நடு ஒலிபெருக்கியை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துக. முதியோர் உள்ள இல்லத்தில் இவ்வாறு செய்தலே முறை என்பேன். அளவியின் எண்ணே பெரிதென்று வாதிடுவார் வாதிடுக.