பாரம் தூக்குவோரின் பௌதிகம்

கல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவர்களில் ஹௌராப் பாலத்தைக் காணாதவர் இரார். 1943ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறக்கப்பட்ட அப்பாலத்தில் ஏறக்குறைய 26,500 டன் எஃகு இருக்கிறது. அதன் ஒவ்வொரு துண்டையும் யாரோ ஒருவர் கயிற்றால் பிணைத்து, கொக்கியில் மாட்டி, கையசைத்து மேலே அனுப்பியிருக்கிறார். பாலத்தை வரைந்த நிபுணர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. பிணைத்தவர்களின் பெயர்கள் இல்லை. துறைமுகங்களில் இவர்களைக் 'கலாசி' என்பார்கள். 1988 ஜூலையில் கேரளத்துப் பெருமண் பாலத்திலிருந்து ரயில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்தபோது, அவற்றைக் கரையேற்ற மலபார்க் கலாசிகளைத்தான் அழைத்தார்கள்.

இவர்களுக்கு அளிக்கும் பாதுகாப்புப் பயிற்சியில், விஞ்ஞான மாணவர்களாகிய நாமும் சற்று நின்று கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது கயிற்றின் கோணம் பற்றியது.

வீட்டுக் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், ஈர வேட்டியைப் போட்டவுடன் அது தொய்ந்துவிடுகிறது. முற்றிலும் நேராக நிற்க வேண்டுமானால் அதன் இழுவிசை எல்லையற்றதாக வேண்டும். பாரத்தைக் கட்டித் தூக்கும் கண்ணிக்கயிற்றுக்கும், அதாவது சிலிங்குக்கும், இதே விதிதான். இரண்டு டன் உத்தரம் ஒன்றை இரண்டு கால்களுள்ள சிலிங்கால் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். கால்கள் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றுக்கும் 1 டன். கிடைமட்டத்தோடு 60 பாகைச் சாய்வில் 1.15 டன், 45 பாகையில் 1.41, 30 பாகையில் முழுமையாக 2 டன், 15 பாகையிலோ 3.86 டன்! பாரம் மாறவில்லை, கயிறு குட்டையாக இருந்தது, அவ்வளவே.

கயிறு அறும் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதானே அனுமதிக்கப்பட்ட சுமை, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். தொய்ந்த கயிறு திடீரெனப் பாரத்தை ஏற்கும்போது விசை குறைந்தது இருமடங்காகும். பாரம் இழந்த நிலையாற்றலைக் கயிற்றின் மீள்சக்திக்குச் சமன் செய்து பாருங்கள். இரண்டு வரியில் விடை வந்துவிடும். ஆகவே 15 பாகைச் சாய்வில் ஒரு வெட்டு இழுப்பு நேர்ந்தால் 7.7 டன். 'இரண்டு கால், ஆளுக்கு ஒரு டன்' என்று கணக்கிட்டு மாட்டிய கயிறு 5 டன்னிலேயே அறுந்துவிடும். அதில் முடிச்சு ஒன்று விழுந்திருந்தால் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். கயிற்று விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கம்பிவடத்தை உபயோகிக்கலாகாது என்பது துறைமுக விதி. இந்த விதியைச் சுவரில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. கம்பிவடத்தைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்ல வேண்டும்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கென 1934இல் ஒரு சட்டமும், 1986இல் விரிவான வேறொரு சட்டமும் இயற்றப்பட்டன. பின்னது 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மத்திய அரசின் வட்டாரத் தொழிலாளர் நிலையம் கல்கத்தாவிலும் சென்னையிலும் இருக்கிறது. ஆயினும் இன்று ஓர் ஒப்பந்தக்காரரிடமும் நாளை வேறொருவரிடமும் கூலிக்குப் போகிறவனைப் பயிற்சிக்கு அனுப்புவது யார்? அவனுடைய அன்றைய கூலியைத் தருவது யார்? எனக்கு இதுவே பெரிய கேள்வியாகப் படுகிறது.

மொழியும் ஒரு சங்கடம். இந்நகரத்தில் கயிறு கட்டுபவர் ஒடியாவும், கிரேன் ஓட்டுபவர் இந்தியும், மேஸ்திரி வங்காளமும் பேசக்கூடும். அதனால்தான் கைச்சைகைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். 'நிறுத்து' என்னும் சைகைக்கு மட்டும் விலக்கு உண்டு: அதை யார் காட்டினாலும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனே காட்டினாலும், கிரேன் நிற்க வேண்டும்.

தூக்கத் தொடங்கும்போது முதலில் பாரத்தைத் தரையை விட்டுச் சில அங்குலம் மட்டும் உயர்த்தி நிறுத்துவார்கள். புவியீர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே இல்லையென்றால் அது அங்கேயே சாய்ந்து காட்டிவிடும். உடனே இறக்கி, கண்ணியின் இடத்தை மாற்றி, மறுபடியும் அதே சில அங்குலம் உயர்த்திப் பார்ப்பார்கள். அதன் பிறகே, பாரத்தின் கீழ் எவரும் இல்லை என்று கண்டு, மேலே ஏற்றச் சைகை காட்டுவார்கள்.