உறங்காப்புளியும் உறங்கும் பிள்ளையும்

தாமிரபரணிக் கரையில் நம்மாழ்வார் அவதரித்த தலம், ஆழ்வார்திருநகரி. காரியாருக்கும் உடையநங்கைக்கும் பிறந்த அந்தக் குழந்தை அழவில்லை, பாலும் குடிக்கவில்லை. பெற்றவர்கள் ஆதிநாதப் பெருமாள் சந்நிதியில் கொண்டுவந்து விட, உறங்காப்புளியின் அடியில் 16 ஆண்டுகள் மௌனமாக வீற்றிருந்ததாம்!

பிறக்கும் குழந்தையை 'சடம்' என்ற காற்று தொட, அது முன்னறிவை மறந்து அழும். அந்தக் காற்றையே கோபித்து விரட்டியதால் இவர் 'சடகோபன்' என்பார்கள் பெரியோர். பெருமாள் கோயில்களில் நம் தலையில் சாத்தும் சடாரிக்கும் சடகோபம் என்றே பெயர்.

பிறந்த நேரத்துக் காற்று பற்றி மருத்துவமும் ஒன்று சொல்கிறது. கருப்பையின் கதகதப்பை விட்டு வெளியே வந்ததும் குழந்தையைக் குளிர் தாக்குகிறது. உடனே, மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை மடை திறந்தாற்போல் ரத்தத்தில் விடுகிறது. அரை மணி நேரத்தில் அது உச்சத்தைத் தொடும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அதுதான் கட்டளை. தைராய்டு, அயோடினைக் கொண்டு தைராக்ஸினைச் சுரக்கும். உடல் சூடு, இதயத் துடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மூளை வளர்ச்சி... அனைத்துக்கும் தைராக்ஸின் வேண்டும். அது போதுமான அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரி தன் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். வயல் நிறைந்ததும் மடையை அடைப்போமே, அப்படித்தான்!

சரி, கட்டளை போயும் தைராய்டு சுரக்காவிட்டால்? சில குழந்தைகளுக்கு அந்தச் சுரப்பியே உருவாகியிருக்காது. பிறவியிலேயே தைராய்டு போதிய அளவு சுரக்காத குறை, இந்தியாவில் சுமார் 1,000 பிறப்புகளில் ஒன்றுக்கு. வயிற்றில் இருந்தவரை தாயின் தைராக்ஸின் ஓரளவு காப்பாற்றிவிடுவதால், பிறந்தவுடன் குறை தெரியாது. போகப் போக ஓயாத தூக்கம், பால் குடிப்பதில் சுணக்கம், கரகரத்த அழுகை, மலச்சிக்கல், இரண்டு வாரம் தாண்டியும் மாறாத மஞ்சள் காமாலை என்று தலைகாட்டும். வீட்டிலோ, 'என்ன சமர்த்து, அழவே மாட்டேங்கானே!' என்று ஆச்சி திருஷ்டி சுற்றிப் போடுவாள். ஆழ்வாரின் மௌனம் அவதார ரகசியம். அதை வைத்து நம் வீட்டுத் தொட்டிலை எடைபோடக் கூடாது.

பல குழந்தைகளிடம் இந்த அறிகுறிகள்கூட இருக்காது. ரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. பிறந்து 2 நாள் கழிந்ததும் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முதல் நாளே ஏன் கூடாது? பிறந்த நேரத்து டி.எஸ்.ஹெச். வெள்ளம் வடிய வேண்டுமே! எல்லா மருத்துவமனைகளிலும் தாமாகவே இதைச் செய்துவிடுவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

குறை உறுதியானால், மருத்துவர் சொல்லும் அளவில் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்து, சிறிது தாய்ப்பாலில் குழைத்துத் தினமும் கொடுத்தால் போதும். முதல் 14 நாட்களுக்குள் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் மற்ற பிள்ளைகளைப் போலவே அறிவு வளரும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால், இழந்ததை எந்த மாத்திரையாலும் முழுதாக மீட்க முடியாது. ஆகவே, பெயர் சூட்டும் நாளுக்கு முன்பே பரிசோதனை முடிவு கைக்கு வந்துவிடட்டும். பிள்ளையைத் தூக்கிவந்து சடாரி சாத்திக்கொள்ள, வைகாசி விசாகம் இருக்கவே இருக்கிறது.