ஊருக்கே ஓர் அறிவியல் கண்காட்சி

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள்; 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதன் நினைவு. பள்ளியில் ஊர்மக்களுக்கு இலவசக் கண்காட்சி நடத்த நல்ல சாக்கு. வேலைநாளில் வந்தால் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். மாலை 4 மணிக்குத் தொடங்கினால்தான் பெற்றோர் எட்டிப்பார்ப்பார்கள்.

தெர்மாகோல் எரிமலை ஒன்று போதும், எத்தனை வருடம்தான் அதையே பார்ப்பது! வருபவர்கள் கையால் செய்துபார்க்க ஏதாவது வையுங்கள். எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் ஒன்றையொன்று தொடாமல் செருகினால் சுமார் 0.9 வோல்ட் கிடைக்கும். ஒரு பழத்துக்கு எல்.இ.டி. எரியாது. நான்கு பழங்களைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக ஒளிரும். வெள்ளை, நீல விளக்குகளை வாங்கிவிட்டு விழிக்காதீர்கள்.

தொலைநோக்கி கிடைத்தால் பௌர்ணமி வேண்டாம். வளர்பிறை அரைநிலவில்தான் நிலாப் பள்ளங்கள் நிழலோடு துல்லியமாகத் தெரியும்.

எல்லா அரங்குக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் இழுக்காதீர்கள். தரையில் ஓடும் வயரை டேப் போட்டு ஒட்டுங்கள்.

விளக்கம் சொல்வது பிள்ளைகள் வேலை. எழுதிக்கொடுத்து ஒப்பிக்கவைத்தால் பாட்டி கேட்கும் முதல் கேள்வியிலேயே திணறிப்போவார்கள். குடிநீரை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.