ரத்தம் ஏத்துற நாளில் இன்னொரு பிள்ளை

தலசீமியா பிள்ளைக்கு ரெண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏத்தணும். விழுப்புரத்துல இருந்தோ திண்டிவனத்துல இருந்தோ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ விடியக்காலையில பஸ் ஏறினா, ரத்தம் பொருந்துதான்னு பார்த்து, ஏத்தி முடிச்சு வீடு திரும்ப இருட்டிடும். உன் அலைச்சல் எனக்குத் தெரியும்மா. ஆனா பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின வாசல்ல உட்கார்ந்திருக்கே உன் மூத்தது, அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

1. சாப்பாடு யார் வீட்டுல, சாவி யார்கிட்டன்னு முந்தின ராத்திரியே சொல்லிடு. தூக்கத்துல எழுப்பிச் சொல்லாதே.

2. "தம்பிக்கு உடம்பு சரியில்ல"ன்னு மழுப்பாதே. தான் அடிச்சதாலதான் வந்துச்சோன்னு பிள்ளை உள்ளுக்குள்ளயே பயப்படும். அப்பா, அம்மா ரெண்டு பேர் வழியாவும் பிறப்பிலேயே வந்தது, ஒட்டிக்காது, ஒரே தட்டுல சாப்பிடலாம்னு உடைச்சுச் சொல்லு.

3. இரும்புச் சத்து விஷயத்துல கவனம். பள்ளிக்கூடத்துல கொடுக்கிற இரும்பு மாத்திரையை "தம்பி வெளுத்திருக்கானே"ன்னு பாசத்துல மூத்தது ஊட்டிடும். ஏத்துற ரத்தத்தாலேயே அவன் இதயத்துலயும் ஈரல்லயும் இரும்பு சேருது, அதை வெளியேத்தத்தான் தினமும் மாத்திரை. மூத்ததுக்குப் புரிய வை. தம்பியோட டீச்சர்கிட்டயும், டானிக் வாங்கிட்டு வர்ற அத்தைகிட்டயும் சொல்லி வை.

4. மூத்ததுக்கும் ஹீமோகுளோபின் ஏ2 டெஸ்ட் எடுத்துடு. நோய் இல்லாத பிள்ளையும் கேரியரா இருக்க 3-ல் 2 வாய்ப்பு உண்டு. கேரியர்னா நோயோட மரபணுவைச் சுமக்கிறவங்க, நோயாளி இல்ல, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதே. ஆனா நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தா எதிர்ப்பக்கமும் டெஸ்ட் எடுக்கணும். மாமன் மகன், அத்தை மகன்னா கட்டாயம்.

5. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் கூடப்பிறந்தவங்க பொருந்த 4-ல் 1 வாய்ப்பு. பொருந்தினா, 2017-ல் ஆரம்பிச்ச கோல் இந்தியா நிதியுதவித் திட்டத்தைப் பத்தி வேலூர் சி.எம்.சி.யில் கேளு. ஆனா "தம்பியைக் காப்பாத்தத்தான் நீ பொறந்தே"ன்னு எந்தச் சொந்தக்காரர் சொன்னாலும் அங்கேயே வாயை அடைச்சுடு. பொருந்தலைன்னா அது அந்தப் பிள்ளையோட குத்தமா?

6. தம்பிக்கு மாத்திரை ஞாபகப்படுத்துறது உன் வேலை. பத்து வயசுப் பிள்ளையை நர்ஸ் ஆக்காதே.

7. வாரத்துல அரை மணி நேரம் மூத்ததை மட்டும் கூட்டிட்டுக் கடைக்குப் போ. அப்போ தம்பி பேச்சை நீயா எடுக்காதே. அது எடுத்தா, முழுசா கேளு.