எக்ஸிமாவுக்கு ஊசி போடுகிறீர்களா?

கடுமையான எக்ஸிமாவுக்குத் தரப்படும் டுபிலுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2017-இல் அனுமதி அளித்தது. அரிப்பால் தூக்கம் தொலைத்த பலருக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் சில பக்கவிளைவுகளைக் கவனிக்க வேண்டும்.

ஊசி போட்ட இடம் சிவந்து தடிப்பது சகஜம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். 300 மில்லிகிராம் ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 45 நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். வெந்நீரில் வைத்துச் சூடாக்கக் கூடாது. தொடை, வயிறு என ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டுவிடுங்கள்.

சிலருக்கு உடம்பெல்லாம் தெளிந்தபின் முகமும் கழுத்தும் மட்டும் சிவக்கும். மருந்து தோற்றுவிட்டது என்று நீங்களாகவே ஊசியை நிறுத்தாதீர்கள். வீட்டிலிருக்கும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் தடவுவது அதைவிட மோசம். போட்டோ எடுத்துத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் பூஞ்சையாகவோ, க்ரீம் ஒவ்வாமையாகவோ இருக்கலாம். சிகிச்சை அதற்கேற்ப மாறும். உதட்டோரக் கொப்புளம், சொரியாசிஸ் போன்ற செதில், கண் சிவந்து உறுத்துவது ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.